கால் நன்றி சொல்லும்

கோவளம்,
12 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார். "அண்ணா தூங்கறார் சின்னு", "அண்ணா குளிக்கிறார் சின்னு." ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிப்பான்? அழுத்திக் கேட்டால், "உன்னைக் கடிதாசி எழுதச் சொன்னார்" என்கிறார். ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பது வருஷம் ஊரார் தபாலையெல்லாம் பிரித்து மூட்டை கட்டியவனுக்கு, ரிடையரான பிறகு தன் பெயருக்கும் ஒன்று வரட்டும் என்று ஆசை போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

செருப்புக்கடி என்றார் அண்ணி. செருப்புக்கடிக்கு யாராவது கால் கட்டைவிரலை எடுப்பார்களா? எத்தனை நாள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு சமாளித்தாய்? உனக்குப் பதினைந்து வருஷமாக ஷுகர். ஆனால் தாம்பரம் மார்க்கெட்டில் பிளாட்பாரக் கடையில், கடைக்காரன் அழுகிற வரைக்கும் பேரம் பேசித்தான் செருப்பு வாங்குவாய். அது கடிக்காமல் கொஞ்சுமா? எனக்கு வருகிற ஆத்திரத்தில் வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை.

இத்துடன் பார்சலில் ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு வரும். உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்து ஷுகர்காரர்களுக்கென்றே செய்வது. ஒன்பதாம் நம்பர். புண் ஆறியதும் இதைத்தான் போட வேண்டும், சொல்லிவிட்டேன்.

நேரில் வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. புது ஏரிக்கரைப் பூங்காவை வடிவமைக்கிற வேலையை யாரிடம் கொடுப்பது என்று இந்த மாதம் முடிவாகிறது. நான் செய்ததிலேயே பெரிய வேலையாக இருக்கும். தேர்வுக் குழுவுக்கு நம் பாரிஜாத நகர்ப் பூங்காவைத்தான் காட்டப்போகிறேன். நீ அசோசியேஷன் தலைவனாக நின்று, சண்டை போட்டு எனக்கு வாங்கித் தந்த முதல் பூங்கா. எட்டு வடிவத்தில் சுற்றி நடக்கிற அந்தக் கூழாங்கல் பாதை, அந்த 'எட்டு' மட்டும் இல்லையென்றால் என்னை யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு செய்த பத்திலும் அதைப் போட்டாயிற்று. காண்ட்ராக்டர்கள் என்னைக் "கூழாங்கல் மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு எட்டின் வாசலிலும் நீ எழுதித் தந்த போர்டு: "கோயிலுக்கு வந்ததுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். கால் நன்றி சொல்லும்." குழுவையும் கழற்ற வைக்கிறேன், பார்.

சின்மயி

*

பாரிஜாத நகர், மேற்கு தாம்பரம்,
17 ஜூன் 2024

சின்னு,

செருப்பு வந்து சேர்ந்தது. இடது காலுக்கு ராஜ உபசாரம். வலது கால் கட்டுக்குள்ளிருந்து பொறாமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறது, அதன் முறை வரும்.

"ஷுகர்காரர்கள்" என்று எழுதியிருக்கிறாய். நீரிழிவு என்று அழகான சொல் இருக்கும்போது இந்தக் கொலை எதற்கு? நீ "வாக்கிங் ட்ராக்" என்று எழுதி அனுப்பியதை அடித்து "நடைபாதை" ஆக்கினேன், "சீட்டிங் ஏரியா"வை அடித்து "இளைப்பாறுமிடம்" ஆக்கினேன். பதினொரு பூங்கா கட்டியும் உன் தமிழ் இன்னும் ஜல்லி கொட்டிய ரோடு மாதிரிதான் இருக்கிறது.

செருப்புக்கடிதான், சந்தேகம் வேண்டாம். மழையில் நனைந்த வார் உரசிவிட்டது. கடைக்காரன் அழவில்லை, கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

நீ வந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சாவித்ரி இருக்கிறாள். எதிர்வீட்டு டாக்டர் சாலமோன் தினமும் வந்து கட்டு மாற்றுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை, கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறார். திட்டினாலாவது தேவலை என்று இருக்கிறது. போனில் பேசாததற்குக் காது மந்தமானதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

எட்டின் நடுவில் நின்றால் திருநீர்மலை தெரிகிற மாதிரி வைத்தாயே, அந்தப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் எழும்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் மலையை மறைக்கவில்லை என்று நினைக்கிறேன். குழு வருவதற்குள் போய் ஒரு பார்வை பார்த்துவிடு. வீட்டுக்கு வர வேண்டாம், நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அண்ணா

*

கோவளம்,
24 ஜூன் 2024

அண்ணா,

உனக்கு வெட்கமாக இல்லையா?

மலை தெரிகிறதா என்று பார்க்கப் போனேன். தெரிந்தது. பூங்காவைப் பெருக்குகிற முத்தாலம்மாள் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னா மேடம், சாரு காலு எப்டி கீது?"

"செருப்புக்கடிதானே, ஆறிடும்" என்றேன்.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "இன்னாது, செருப்புக்கடியா? அவுரு எங்க மேடம் செருப்பு போட்டாரு? சித்திரை வெயில்ல கல்லு தோசக்கல்லு கணக்கா காயுது, இந்த எட்டுல சுத்திகினே கீறாரு. பாத்தா கல்லெல்லாம் ரத்தம். 'சார், காலு சார், காலு'ன்னு கத்தறேன். அவுரு எனுக்கு வணக்கம் சொல்லிகினு சிரிச்சிகினு போறாரு. ஒண்ணுமே தெர்ல அவுருக்கு. அப்புறமா யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு கையப் புடிச்சிகினாரு. நாந்தான் கல்லக் கழுவி வுட்டேன்."

எந்தக் கல் என்று கேட்டேன். காட்டினாள். மலை நேராகத் தெரிகிற இடம். அங்கே கொஞ்சம் பெரிய கல்லாகப் போடுங்கள், கால் தானாக நின்று மலையைப் பார்க்கட்டும் என்று காண்ட்ராக்டரிடம் நான்தான் சொன்னேன். அவ்வளவு புத்திசாலி நான். ஷுகர் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி செத்துவிடும், குத்துவதும் சுடுவதும் தெரியாது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அந்தக் கால் உன் கால் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். உங்கள் வீட்டு கேட் தெரிந்தது. என்னால் முடியவில்லை, காரைத் திருப்பிவிட்டேன்.

இன்றைக்கும் அந்தப் பதினொரு எட்டிலும் யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். என் வடிவமைப்பு தப்பு, எல்லா இடத்திலும் கல்லைப் பெயர்த்துவிடுங்கள் என்று பூங்கா அலுவலகத்துக்கு எழுதப்போகிறேன். ஏரிக்கரை போனால் போகட்டும்.

சின்மயி

*

பாரிஜாத நகர்,
27 ஜூன் 2024

சின்னு,

எழுதாதே. முதலில் இதைப் படி.

என் காது நன்றாகத்தான் இருக்கிறது. போனில் ஒரு வார்த்தை பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் கடிதத்துக்கு மாறினேன். காகிதத்தில் பொய் சொல்வது சுலபம், குரல் நடுங்காது. உன் அண்ணியையும் பொய் சொல்ல வைத்தேன், அவள் அதற்காக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உன் மேல் என்ன தப்பு? நீ கல்லைப் போட்டாய். செருப்பைக் கழற்று என்றவன் நான்.

அந்த அசோசியேஷன் கூட்டத்துக்கு நீ வரவில்லை. பூங்கா திறப்பதற்கு முன்னால் நடந்தது. டாக்டர் சாலமோன் எழுந்து, "நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலோடு இதில் நடக்கக் கூடாது, போர்டில் ஒரு வரி போடுங்க" என்றார். அமைதியாகத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் தங்கையின் முதல் பூங்காவில் நோய், நோயாளி என்று ஒருவன் சொல்வதா? "ஊர்ல எல்லாரும் நடந்து குணமாயிட்டா டாக்டர் கிளினிக்ல ஈ ஓட்ட வேண்டியதுதான், அந்தக் கவலை அவருக்கு" என்றேன். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த வரி அதோடு செத்தது.

இப்போது அந்த மனுஷன்தான் தரையில் மண்டியிட்டு என் காலைக் கழுவுகிறார். தினமும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கிறேன், "டாக்டர், இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றுதான் வருகிறது.

ஆகவே பழி என்னுடையது. நீ ஏன் உன் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்? எங்கள் தெருவிலெல்லாம் செருப்புக்கடி என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது, முத்தாலம்மாள் சொல்ல மாட்டாள். ஏரிக்கரையில் அந்த எட்டைப் போடாமல் விட்டுவிடு, போதும்.

அண்ணா

*

கோவளம்,
9 ஜூலை 2024

அண்ணா,

எழுதினேன். அனுப்பவில்லை.

குழு வந்தது. நான்கு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் தடுக்கவில்லை. அதில் ஒரு பெரியவர், "எனக்கு பாதமே மரத்துப்போச்சும்மா, இதுல நடந்தா கொஞ்சம் குறுகுறுன்னு இருக்கு" என்றார். நான் தலையாட்டிச் சிரித்தேன். முத்தாலம்மாள் கேட் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரை எனக்குத்தான் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸில் கேக் வெட்டினோம்.

உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாடா, பழி அண்ணாவுடையது என்று ஒரு நிமிஷம் இருந்தது. அதற்கப்புறம் தூங்க முடியவில்லை.

அந்த வரி கூட்டத்தோடு சாகவில்லை, அண்ணா. நீ அவரை அவமானப்படுத்திய மறுவாரம் டாக்டர் எனக்கு ஒரு மெயில் அனுப்பினார். உன்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை அதில். அந்த ஒரு வரிதான். உன் வரிகளுக்குக் கீழே அதையும் வைத்துப் பார்த்தேன். எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது, போர்டின் அழகு கெட்டது. 'நோயாளிகள்' என்ற சொல் 'கோயில்' என்ற சொல்லுக்குக் கீழே அசிங்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன். "பரிசீலிக்கிறோம்" என்று அவருக்குப் பதில் போட்டேன்.

நீ கேலி செய்தாய். வரியை எடுத்தது நான். இத்தனை நாளாக நீ உன் தலையில் சுமக்கிறது என்னுடையது.

இதையெல்லாம் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். கோவளத்திலிருந்து தாம்பரம் என்ன அமெரிக்காவா? எனக்கு உன் காலைப் பார்க்கத் தைரியமில்லை.

சின்மயி

*

பாரிஜாத நகர்,
30 ஜூலை 2024

சின்மயி,

உன் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். புண் உள்ளே ஏறிவிட்டதாம். பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று சாவித்ரியிடம் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் படித்தேன். படித்ததும் கிழித்துப் போடலாமென்று இருந்தது. போர்டு அழகாக இருக்க வேண்டுமாம்! உன் அழகில் இடி விழ. டாக்டர் அன்றைக்குக் கட்டு மாற்ற வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் அவரை அவமானப்படுத்தியிருக்கிறோம். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இப்போது எழுதுவது பக்தவச்சலத்துக்காக. உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு தினமும் நடக்க வருவாரே, எல்.ஐ.சி.யில் இருந்தவர், பூங்கா திறப்பு விழாவில் உனக்கு மாலை போட்டவர். அவருக்கும் என்னைப் போலத்தான். நேற்று அவர் மனைவி கீதா வந்திருந்தாள். அவர் குதிகாலில் ஓட்டை விழுந்து, எலும்பு தெரிகிறதாம்.

"நீங்க செருப்புக்கடின்னு சொன்னீங்களேண்ணா, அதுல அவர் பயந்துட்டார். இனிமே செருப்பே வேணாம்னு முடிவு பண்ணிட்டார். பார்க்குக்கு மட்டுமில்ல, கடைக்கு, ரேஷனுக்கு, எல்லாத்துக்கும் வெறுங்கால்தான். சாம்பசிவன் கால் போனது செருப்பாலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தார்" என்றாள்.

நான் வேட்டியைக் காலின் மேல் இழுத்து மூடிக்கொண்டேன், சின்னு. அவள் போகும்போது, "உங்களுக்குத்தான் பாவம் எவ்வளவு கஷ்டம்" என்று சொல்லி ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனாள். அதை நான் எப்படித் தின்பேன்?

உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். பக்தாவின் காலை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அனுப்பிவிடு. எழுதி வைத்திருக்கிறாயே, அதை அனுப்பிவிடு. நானும் நாளை அவர் வீட்டுக்கு ஆட்டோவில் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன்.

சாம்பசிவன்

*

கோவளம்,
6 ஆகஸ்ட் 2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்த கையோடு அனுப்பிவிட்டேன். பதினொரு பூங்காவின் பெயரையும் எழுதி, டாக்டரின் மெயிலையும் நான் போட்ட பதிலையும் சேர்த்து வைத்தேன். ஏரிக்கரைக் குழுவுக்கும் ஒரு பிரதி.

ஏரிக்கரை போய்விட்டது. அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். வருத்தமில்லை என்று எழுத ஆசை, ஆனால் உன்னிடம் இனி பொய் வேண்டாம். அழுதேன். ஏரிக்காக எவ்வளவு, உன் காலுக்காக எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி யாராவது என்னிடம் பூங்கா கேட்பார்களா, தெரியாது. மரத்தை மட்டும் நட்டுக்கொண்டிருந்திருக்கலாம். புங்கமரம் யார் காலையும் எடுக்காது.

பூங்கா அலுவலகத்தில் கல்லைப் பெயர்க்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் அதற்குச் சில மாதம் ஆகும் என்கிறார்கள். கயிறு கட்டினால் ஜனங்கள் தாண்டிக் குதித்துப் போகிறார்கள், அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது அந்த எட்டு. அதுவரைக்கும் உன் பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். அவர்கள் எழுதித் தந்தது: "நீரிழிவு நோயாளிகள் இப்பாதையைத் தவிர்க்கவும்."

சரியாக இருக்கிறதா, அண்ணா? எனக்கு உன்னைத் தவிர வேறு யாரையும் கேட்கத் தெரியவில்லை. இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்பதும் தெரியும். பக்தவச்சலம் சார் என்ன சொன்னார்?

சின்மயி

*

பாரிஜாத நகர்,
11 ஆகஸ்ட் 2024

சின்னு,

பக்தா கதவைத் திறக்கவில்லை. அதாவது கீதா திறந்தாள், அவர் உள்ளே இருந்துகொண்டு, "அவனைப் போகச் சொல்லு" என்றார். நான் வாசலில் நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுபடி போவேன். அவர் காலை எடுக்க வேண்டியிருக்காது என்று டாக்டர் சாலமோன் சொல்கிறார், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. உன்னுடையதையும் சேர்த்துத்தான் கேட்டேன். "காலை ஆட்டாதீங்க சார்" என்றார். அவ்வளவுதான். கட்டி முடித்துவிட்டு முதல் தடவையாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

போர்டு விஷயம். அவர்கள் எழுதியதில் பிழை இல்லை, சுத்தமான தமிழ். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். பதினைந்து வருஷத்தில் ஒரு நாளாவது என்னை நான் நீரிழிவு நோயாளி என்று சொல்லிக்கொண்டதுண்டா? கல்யாண வீட்டில் ஜாங்கிரி வைக்க வந்தால், "வேணாம்பா, கொஞ்சம் ஷுகர் இருக்கு" என்பேன். உன்னிடம் நீரிழிவு, நீரிழிவு என்று பாடம் எடுத்துவிட்டு வெளியே எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். பக்தாவும் அப்படித்தான். நம் காலனியில் கொஞ்சம் ஷுகர் இருப்பவர்கள் வீட்டுக்கு இரண்டு பேர், நோயாளி ஒருவரும் இல்லை. அந்தப் போர்டைப் படித்திருந்தால், பாவம், யாரோ நோயாளிக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றியிருப்பேன்.

அதனால் டாக்டரின் வரியை நீ போட்டிருந்தாலும் நான் தாண்டித்தான் போயிருப்பேன். உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை, உன் மேல் கோபம் இன்னும் பாதி இருக்கிறது. உண்மை இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

இதைப் போடச் சொல். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது, அழகு கெட்டாலும் சரி:

"கொஞ்சம் ஷுகர் இருக்கா? செருப்பைக் கழட்டாதீங்க. எனக்கும் கொஞ்சம்தான் இருந்தது. பாதிப் பாதம் போச்சு.
சாம்பசிவன், பாரிஜாத நகர்."

நீ அனுப்பிய செருப்பில் இடது தேய ஆரம்பித்துவிட்டது. வலது பெட்டியிலேயே புதுசாக இருக்கிறது. அந்தப் பாதத்துக்கு வேறு மாதிரி செய்ய வேண்டுமாம், அளவு எடுக்க அடுத்த வாரம் ஆள் வருகிறான். உனக்கு அளவு எடுப்பதெல்லாம் தெரியுமே, கூட இருந்தால் நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வா. காலைப் பார்க்க வேண்டாம், வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சத்தமாக ஒரு குரல் கொடு, நான் தூங்க மாட்டேன்.

அண்ணா